எந்த நாளிலிருந்து எண்ணுவது

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். போன வாரம் போனில் கேட்டு என்ன ஆயிற்று என்பது உனக்கே தெரியும்.

"இனிமே போன் வேண்டாம்க்கா, எழுதிப் போடு. எழுதினா உன்னால கத்த முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். கத்தாமல் சொல்கிறேன்: நான் சொன்னதில் தப்பில்லை. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு தினமும் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போய், நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன். அதற்கு அவள், "என் உடம்பு எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "அப்போ ஏதாவது ஆனா என்கிட்ட வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சொல்லவைத்தீர்கள்.

எனக்கு இங்கே நிம்மதி இல்லை என்பதும் ஒரு காரணம். ஆய்வுக்கூடத்தில் என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் ஒரு சோதனை சரியாக வந்தாக வேண்டும். எலிக் கருவின் மூளையிலிருந்து மூலச்செல்களை எடுத்துத் தட்டில் வளர்க்கிறேன். இன்னும் எதுவாகவும் ஆகாத செல்கள் அவை. கருவுக்குப் பதின்மூன்று நாள் ஆனதும் எடுத்து, செல்லுக்குக் கட்டளை சொல்லும் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை அளந்து ஊற்றினால், பெருகுவதை நிறுத்திவிட்டு நரம்புச் செல்லாக மாற வேண்டும். மாறியவை சாயம் போட்டால் பச்சையாகத் தெரியும். டிசம்பர் வரை சொன்ன பேச்சைக் கேட்டன. ஜனவரியிலிருந்து நான்கு தட்டில் ஒன்றுதான் பச்சை. மற்ற மூன்றும் தம் பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. காரணியைப் புதிதாக வாங்கினேன். தட்டை மாற்றினேன். தட்டுகளை வைத்து வளர்க்கும் சூட்டுப்பெட்டியையே மாற்றினேன். துறைத்தலைவர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, "கை சரியில்லையோ?" என்கிறார். பதினைந்து வருடமாக இதே கைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் பார்த்துக்கொள்ளச் சொல்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் கடிதம் வந்தது. எழுதும்போதும் உன்னால் கத்த முடிகிறது என்று தெரிந்துகொண்டேன்.

அவளிடம் படித்துக் காட்டினேன். "கொஞ்சம் அதிகம்தான்" என்ற வரி வந்ததும், "கொஞ்சமா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழிப்பது நான். உன் பக்கம் பேசினால் இங்கே முகம் தூக்கல், இவள் பக்கம் பேசினால் அங்கே கடிதத்தில் சாட்டை.

டிப்போவில் பழைய கதைதான். டைம் கீப்பர் என்றால் டிரைவருக்கும் ஆகாது, பயணிக்கும் ஆகாது. வரவேண்டிய நேரம், வந்த நேரம், தாமதம் என்று மூன்று கட்டம். நாள் முழுக்க அதை நிரப்புகிறேன். நேற்று ஒரு டிரைவர் ஏழு நிமிடம் முன்னாலேயே வண்டியை எடுத்துவிட்டான். மெமோ கொடுத்தேன். "லேட்டா எடுத்தாலும் திட்டுறீங்க, சீக்கிரம் எடுத்தாலும் திட்டுறீங்களே!" என்றான். "லேட்டா வந்தா ஜனங்க காத்திருப்பாங்க. சீக்கிரம் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்றேன். சரிதானே?

ஜூன் 27 என்று டாக்டர் தேதி குறித்திருக்கிறார். அதுவரைக்குமாவது நீங்கள் இருவரும் சண்டையை ஒத்திவையுங்கள். உன் செல்கள் உன் பேச்சைக் கேட்கட்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 9
(எழுதியது, தபாலில் சேர்க்காதது)

அக்கா,

ஐந்து நாளாக எழுத உட்கார்கிறேன். இப்போது உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில்.

நாலாம் தேதி பிறந்துவிட்டாள். பெண். பன்னிரண்டு வாரம் முன்னால். ஒரு கிலோவுக்கு முப்பது கிராம் குறைவு. என் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டி வைத்தால் அவள் காலைவிட நீளமாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூக்கில் குழாய், காலில் குழாய். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பக்கவாட்டுத் துவாரம் வழியாக ஒரு விரலை நீட்டலாம். நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். நர்ஸ் அவளைச் சுண்டு என்று கூப்பிடுகிறாள். எங்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

அவள் அம்மா டாக்டரிடம், பஸ்ஸில் போனதாலா என்று நாலு தடவை கேட்டாள். இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் நாலு தடவையும் சொன்னார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணிக்குச் சொல்லாதீங்க. பெட்டிய விட்டு வெளிய வரட்டும், அப்புறம் சொல்லலாம்" என்றாள். ஏதாவது ஆனால் வந்து நிற்காதே என்று நீ சொன்னாயே, அதுதான்.

மூளை இன்னும் முழுதாக வளரவில்லை, போகப்போகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். எத்தனை நாள் போகவேண்டும் என்று சொல்லமாட்டேன் என்கிறார். மூளை வளர்வதைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் எனக்குத் தெரிந்து நீதான். உன்னிடம் கேட்க முடியாமல் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே எல்லாரும் நலம். அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டாள். நீ சொன்னபடியே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

டிப்போவில் சும்மா உட்கார்ந்திருந்தபோது உன் வேலையைப் பற்றி ஒரு யோசனை வந்தது. உன் சூட்டுப்பெட்டியில் எத்தனை டிகிரி வைப்பாய்? செல்கள் அதற்குள் இருக்க வேண்டிய நாள் முடிவதற்கு முன்னாலேயே வெளியே எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கிடைக்கவேண்டிய காரணி கிடைக்காமல் போனால், பிறகு கொடுத்துச் சரிக்கட்ட முடியுமா? எவ்வளவு முன்னால் எடுத்தால் மோசம்?

சும்மா தெரிந்துகொள்ளத்தான். விவரமாக எழுது. சீக்கிரம் எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதுகிறேன், நம்பிக்கொள். அவள் லீவு போட்டது நல்ல செய்தி. இப்போதாவது காதில் ஏறியதே.

பதினைந்து வருடமாக என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன் இப்போது கேள்விமேல் கேள்வி கேட்கிறாய். அதுவும் இந்த வாரம் பார்த்து. நேற்று இருபது தட்டு எடுத்தேன். ஐந்துதான் பச்சை. துறைத்தலைவர் ஒன்றும் சொல்லாமல் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட தேவலை.

முப்பத்தேழு டிகிரி. அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் மணி அடிக்கும். மற்ற கேள்விகளுக்குப் பதில்: மூளையில் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நாள் உண்டு. அந்த நாளில் அந்தக் காரணி வந்து சேர வேண்டும். அப்போதுதான் தான் யார் என்று அந்தச் செல் முடிவெடுக்கும். அந்த நாள் தவறிவிட்டால், பிறகு குடம் குடமாகக் கொட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பெட்டியிலிருந்து முன்கூட்டி எடுத்தால் என்ன ஆகும் என்றா கேட்கிறாய்? பாதி செத்துப்போகும். சாகாதது உருப்படாது. தூக்கிக் குப்பையில் போடவேண்டியதுதான். நான் தினமும் அதைத்தான் செய்கிறேன்.

போதுமா விவரம்? அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்களா? எழுது.

அக்கா


மே 20

தம்பி,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விவரமாக எழுது, சீக்கிரம் எழுது என்று அவசரப்படுத்தினாய். எழுதினேன். அதற்குப் பிறகு மூச்சு விடக்காணோம். சரி, கோபத்தை விழுங்கிக்கொண்டு போன் செய்தேன். மூன்று தடவை அடித்து நின்றது.

நான் ஊற்றுவதற்குத் தட்டிலிருக்கும் செல்லும் பதில் சொல்லமாட்டேன் என்கிறது, எழுதுவதற்கு நீயும் பதில் சொல்லமாட்டேன் என்கிறாய். நான் என்ன தப்பு செய்தேன் என்றாவது சொல்லிவிட்டு முறுக்கிக்கொள். இன்னும் ஒரு மாதத்தில் குழந்தை பிறக்கப்போகிற வீடு. எனக்குப் பயமாக இருக்காதா?

குழந்தைக்கு ஒரு போர்வை பின்ன ஆரம்பித்திருக்கிறேன். தட்டு எண்ணும் கைக்குத் தையல் எண்ண வரவில்லை. நான்கு தடவை பிரித்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 2

அண்ணிக்கு,

வணக்கம். நலம் விசாரிக்க மனமில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மகள் ஏப்ரல் நாலாம் தேதியே பிறந்துவிட்டாள். சுண்டு என்று கூப்பிடுகிறோம். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறோம். இப்போது மூச்சுக் குழாய் எடுத்துவிட்டார்கள். பால் குடிக்கப் பழகுகிறாள். இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள்.

உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று சொன்னது நான். அதற்கான கோபத்தை என்மேல் காட்டுங்கள். ஆனால் இன்னொன்றும் சொல்லவேண்டும். அவர் பெட்டி பெட்டி என்று உங்களிடம் கேட்டது உங்கள் தட்டைப் பற்றி இல்லை. நீங்கள் எழுதிய பதிலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து எடுத்துப் படித்தேன். "சாகாதது உருப்படாது." அந்த வரியில் மடிப்பு தேய்ந்து எழுத்து அழிந்திருக்கிறது. அவ்வளவு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

அதற்குப் பிறகு குழந்தையை அவர் தூக்குவதில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்க்கிறார்.

போன் செய்யாதீர்கள், எடுக்கமாட்டார். இப்போது கிளம்பி வரவும் வேண்டாம். நீங்கள் வந்தால் உங்களையும் நான் சமாளிக்கவேண்டியிருக்கும். அதற்குத் தெம்பு இல்லை. நன்றாக இருப்பாளா என்பதற்கு மட்டும் உங்களுக்குத் தெரிந்ததை உள்ளபடி எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 12

அன்புள்ள உங்கள் இருவருக்கும், சுண்டுவுக்கும்,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடிதம் வந்ததிலிருந்து வேலை ஓடவில்லை. டிக்கெட் பார்த்தேன், வாங்கப் பணம்கூட எடுத்துவிட்டேன். பிறகு "வரவும் வேண்டாம்" என்ற வரியை மறுபடி படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பிறந்து இரண்டு மாதம் கழித்து எனக்குத் தெரிகிறது. அழுகையும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. யார்மேல் ஆத்திரப்படுவது என்று பார்த்தால் சுற்றிச் சுற்றி நான்தான் நிற்கிறேன்.

தம்பி, நான் எழுதியது தட்டைப் பற்றி. தட்டில் கிடக்கும் செல்லுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, நர்ஸ் இல்லை, மூளையின் மற்ற பாகங்கள்கூடப் பக்கத்தில் இல்லை. அனாதையாகக் கிடக்கும் அதைவைத்துப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. அன்று இருபதில் ஐந்து என்ற எரிச்சலில் எழுதினேன். உருப்படாது என்ற அந்த வார்த்தைக்கு என்னை மன்னித்துவிடு. அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

அவள் நன்றாக இருப்பாளா? எனக்குத் தெரியாது. அவளை நேரில் பார்த்திராத நான் ஆமாம் என்று எழுதினால், அது உன்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்ன பொய். இப்படிப் பிறந்து நன்றாக வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் என்பது மட்டும் தெரியும். உங்கள் டாக்டரைக் கேள். என்னைவிட அவருக்குத்தான் தெரியும். பதினைந்து வருடம் மூளையைப் படித்துவிட்டு, என் தம்பி கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளைத் தூக்கு. என்மேல் இருக்கும் கோபத்தை அவளிடம் காட்டாதே.

அக்கா


ஜூலை 28

அக்காவுக்கு,

நலம். சுண்டு வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. உன் போர்வை வந்தது. ஒரு மூலை கோணல், ஆனால் அவளுக்குப் போதும்.

தெரியாது என்று எழுதினாய். முதலில் கோபம் வந்தது. பிறகு, தெரியாததைத் தெரியாது என்று நீ சொன்னது உன் ஆயுளில் இதுதான் முதல் தடவை என்று இவள் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

தூக்குகிறேன். தூக்கி என்ன? என்னைப் பார்க்கிறாளா, எனக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. இன்றோடு நூற்றுப் பதினைந்து நாள். டிப்போவிலிருந்து ஒரு பழைய ரிஜிஸ்டர் கொண்டுவந்து கட்டம் போட்டிருக்கிறேன். வரவேண்டிய நேரம், வந்த நேரம், தாமதம். முகம் பார்த்துச் சிரிப்பது: இரண்டாம் மாதம். வரவில்லை. கழுத்து நிற்பது: மூன்றாம் மாதம் தொடங்கி. வரவில்லை. சத்தம் வந்த பக்கம் திரும்புவது: வரவில்லை. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. பக்கத்து வீட்டில் சுண்டுவுக்குப் பத்து நாள் பின்னால் பிறந்த பையன் வாயைத் திறந்து கெக்கே பிக்கே என்று சிரிக்கிறான். அவன் அம்மா, "உங்க பொண்ணு ரொம்ப அமைதிங்க" என்கிறாள். எனக்கு அந்த வீட்டு ஜன்னலை இழுத்துச் சாத்தவேண்டும்போல் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டிலும் கோளாறு. வயது என்ற இடத்தில் இரண்டு கட்டம், இரண்டு வேறு கணக்கு. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அதைக் காட்டி ஏதோ விளக்கினாள். எனக்கு அன்று எதுவும் காதில் விழவில்லை. ஒரே வண்டிக்கு இரண்டு நேரம் எழுதினால் எங்கள் டிப்போவில் சீட்டுக் கிழிந்துவிடும். பிறந்த தேதியோடு பொருந்தாத கட்டத்தை நானே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இவள் ராப்பகலாகக் குழந்தையோடு பேசுகிறாள். ரிஜிஸ்டரைப் பார்த்தால் கத்துகிறாள். நான் ஒளித்துவைத்து எழுதுகிறேன். நீ எழுதியது தட்டுக்குத்தான், சரி. ஆனால் என் கட்டமும் அதையேதான் சொல்கிறது.

உன் தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படி. முதலில் என் முட்டாள்தனம், பிறகு உன்னுடையது.

என் செல்கள் ஏன் மாறவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். இங்கே எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஜனவரியில் புதிதாக ஒருவர் வந்தார். பழையவர், ஜோடி சேர்ந்ததற்கான அடையாளம் தெரிந்த காலையிலிருந்து நாளை எண்ணி அட்டையில் எழுதுவார். புதியவர், ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்ட நாளிலிருந்து எண்ணுகிறார். விட்ட அன்றே எல்லா ஜோடியும் சேர்ந்துவிடுமா? சில இரண்டு நாள், மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அட்டையில் பதின்மூன்று என்று இருக்கும், உள்ளே இருப்பது பதினோரு நாள் கருவாக இருக்கும். அந்த வயதுச் செல்லுக்கு அதே காரணி என்றால், "இன்னும் கொஞ்சம் பெருகு" என்றுதான் அர்த்தம். அது சொன்ன பேச்சைக் கேட்டுப் பெருகியிருக்கிறது. நான்தான் ஏழு மாதமாக அதைத் திட்டியிருக்கிறேன்.

அட்டையைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜையைக் கையால் அறைந்தேன், கை வலித்ததுதான் மிச்சம். எத்தனை தட்டைக் குப்பையில் போட்டிருப்பேன்! பிறகு, அன்று தூக்கிப்போட வைத்திருந்த ஆறு தட்டை எடுத்து, இரண்டு நாள் கூடுதலாக அப்படியே விட்டேன். அதற்கப்புறம் அதே காரணி, அதே அளவு. முந்தாநாள் சாயம் போட்டேன். ஆறும் பச்சை. உருப்படாது என்று நான் சொன்ன அதே செல்கள், தம்பி.

நேற்று உன் கடிதம் வந்தது. நூற்றுப் பதினைந்து நாள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். டேய், நீ எந்த நாளிலிருந்து எண்ணுகிறாய்?

அவள் வெளியே வந்தது ஏப்ரல் நாலு. வரவேண்டியது ஜூன் இருபத்தேழு. நடுவில் இருக்கும் பன்னிரண்டு வாரமும் அவள் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டிய வாரங்கள். அந்த வாரங்களில் அவள் மூளை வயிற்றுப் பிள்ளையின் மூளையாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. சிரிக்கும் வேலையை அதற்கு யாரும் இன்னும் கொடுக்கவே இல்லை. சீக்கிரம் பிறந்த பிள்ளை எப்போது சிரிக்கும், எப்போது கழுத்து நிற்கும் என்று பார்க்க டாக்டர்கள் பிறக்கவேண்டிய தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். நீ கோடு போட்டு அடித்த இரண்டாவது கட்டம் அதுதான். நர்ஸ் உனக்கு விளக்கியதும் அதைத்தான்.

அந்தக் கணக்கில் இன்று சுண்டுவுக்கு நூற்று இருபத்தேழு நாள் இல்லை. நாற்பத்துமூன்று நாள். ஆறு வாரம். ஆறு வாரப் பிள்ளையைப் பக்கத்து வீட்டு நாலு மாதப் பையனோடு நிற்கவைத்து ஓடச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அந்தச் சிவப்புப் பக்கத்தைக் கிழி.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்று முன்பு எழுதியது இப்போதும் தெரியாதுதான். ஆனால் அவள் இன்னும் எதற்கும் தாமதமாகவில்லை. அது தெரியும்.

துறைத்தலைவர் ஏழு மாத வேலையைத் திரும்பச் செய்யச் சொல்கிறார். மூன்று மாதம் ஒப்பந்தம் நீட்டித்திருக்கிறார். அதற்கு முன்னால் பத்து நாள் லீவு கேட்டு வாங்கியிருக்கிறேன். ஏதாவது ஆனால் என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்று சொன்னவளுக்கு உங்கள் வாசலில் வந்து நிற்க உரிமை இருக்கிறதா என்று உன் மனைவியிடம் கேள். அவள் சரி என்றால் மட்டும் வருகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நர்ஸ். இரண்டாவது கட்டத்தைக் காட்டியதும், "அன்னைக்கே சொன்னேனே சார், நீங்க கடிகாரத்தையே பாத்துட்டிருந்தீங்க" என்றாள். பதினெட்டு வருடமாக நேரம் குறிக்கிறவன் நான். முன்னால் கிளம்பிய வண்டிக்கும் கால அட்டவணை மாறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். வீட்டுக்குத் திரும்பி வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

சிவப்புப் பக்கத்தைக் கிழித்தேன். புதுப் பக்கத்தில் ஜூன் இருபத்தேழை ஒன்றாம் நாளாகப் போட்டேன். இவளே ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்தாள்.

இருபதாம் தேதி மத்தியானம் நான் டிப்போவிலிருந்து வந்ததும், "சிரிச்சா!" என்று ஓடிவந்து சொன்னாள். நான் பார்க்கவில்லை. ஓடிப்போய்த் தொட்டிலுக்குமேல் முகத்தை நீட்டினேன். கொட்டாவி விட்டாள். மறுநாளும் நீட்டினேன், தும்மினாள். அதற்கடுத்த நாள் முகத்தைச் சுளித்து ஒரு அழுகை. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. இவள் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "மெமோ குடுக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு நின்னா யாருதான் சிரிப்பாங்க?" என்கிறாள்.

நேற்று அந்தப் பழைய தாளைக் கிழித்தேன். உருப்படாது என்று எழுதியிருந்ததே, சட்டைப் பையில் வைத்திருந்தேனே, அதைத்தான். சுண்டுவை மடியில் போட்டுக்கொண்டு துண்டு துண்டாகக் கிழித்தேன். அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அக்கா, வாய் முழுக்கச் சிரித்தாள். சுவரைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து. ரிஜிஸ்டரில் ஐம்பத்தெட்டாம் நாள் என்று எழுதி, தாமதம் என்ற கட்டத்தில் 'சரியான நேரம்' என்று போட்டேன். அவளை மடியில் வைத்தபடியே எழுதியதில் எழுத்து கோணல்.

கழுத்து இன்னும் ஆடுகிறது. அதற்கு நாள் இருக்கிறது, காத்திருக்கிறோம்.

நீ கேட்டதை இவளிடம் கேட்டேன். அவள் எழுதச் சொன்னது இது: "வரட்டும். வந்து ஒரு நாள் ரெண்டு பஸ் மாறி என்கூடப் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். அதுக்கப்புறம் அட்வைஸ் பண்ணட்டும்."

நான் சொல்வது ஒன்றுதான். ஏதாவது ஆனால் உன்னிடம் வந்து நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தாய். உன் மருமகளுக்கு உட்காரவே இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது, நிற்பதற்கு எங்கே போவாள். அதனால் நீ வா.

உன் தம்பி